மும்பையா... கொல்கத்தாவா?



பரீட்சை முடிந்து லீவு விடப்போகிறது. இனி எல்லார் வீட்டிலும், 'எங்கே போகலாம்?' என்ற பேச்சுதான், இல்லையா?

எங்கள் பக்கத்து வீட்டில் போன வாரம் இந்தப் பேச்சு பெரிய சண்டையாகவே ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன், "மும்பைக்குத்தான் போகணும்" என்றான். ஐந்தாம் வகுப்புத் தங்கை, "இல்லை, கொல்கத்தாதான்" என்றாள். "சரி, ஓட்டுப் போடலாம்" என்றார் அப்பா. அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் மும்பைக்குக் கை தூக்கினர். தங்கையும் பாட்டியும் கொல்கத்தாவுக்கு. மும்பை ஜெயித்தது! தங்கை சாப்பிடாமலே படுத்துவிட்டாள். "தோத்தாங்குளி" என்று அண்ணன் கேலி வேறு செய்தான்.

ஓட்டு எண்ணியது சரிதான். ஆனால், முடிவு சரிதானா? அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

முதலில் அந்த இரண்டு ஊர்களைப் பார்ப்போமா?

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது மும்பையில்தான். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு, 34 கிலோமீட்டர் தூரம், சுமார் 400 பேருடன் புறப்பட்டது. இன்று அங்கே இருக்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தை, 2004ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 'கேட்வே ஆஃப் இந்தியா' அருகிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் எலிபெண்டா குகைகள். அங்கே மூன்று முகங்களோடு நிற்கும் சிவன் சிலை சுமார் 6 மீட்டர் உயரம்! நகரத்துக்குள்ளேயே சிறுத்தைகள் உலவும் காடும் உண்டு. அதுதான் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. மாட்டுங்கா பக்கம் போனால் நம்ம ஊர் இட்லி, தோசை கிடைக்கும். தமிழ்ப் பேச்சும் கேட்கும்.

கொல்கத்தா மட்டும் சளைத்ததா என்ன? நாட்டின் முதல் மெட்ரோ ரயில் 1984ல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. 2024லிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ போகிறது! 1943ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம், நட்டு, போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே இணைக்கப்பட்டது. 1814ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம்தான் நம் நாட்டிலேயே பழமையானது. எகிப்து மம்மி ஒன்றும் அங்கே இருக்கிறது. சிப்பூர் தாவரவியல் பூங்காவில் ஓர் ஆலமரம் இருக்கிறது. நோய் தாக்கியதால் அதன் அடிமரத்தை 1925ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும், ஆயிரக்கணக்கான விழுதுகளை ஊன்றிக்கொண்டு இன்றும் ஒரு தோப்பு போல நிற்கிறது.

இரண்டுமே அருமையான ஊர்கள். ஆனால், சென்னையிலிருந்து மும்பை சுமார் 1,280 கிலோமீட்டர் வடமேற்கே. கொல்கத்தா சுமார் 1,660 கிலோமீட்டர் வடகிழக்கே. ஒரே லீவில் இரண்டையும் பார்ப்பது கஷ்டம்தான். ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும்.

சரி, பக்கத்து வீட்டுக்கு வருவோம். மறுநாள் நான் அங்கே போனபோது, "ஓட்டு இருக்கட்டும். ஏன் அந்த ஊர் என்று ஒவ்வொருவரும் சொல்லுங்களேன்" என்றேன்.

"லோக்கல் ரயிலில் போகணும்" என்றான் அண்ணன். "பாடத்தில் வந்த மம்மியை நேரில் பார்க்கணும்" என்றாள் தங்கை. அப்பா, "மும்பையில் நண்பர் வீடு இருக்கு. தங்குகிற செலவு மிச்சம்" என்றார். அம்மா சிரித்தார். "எனக்கு எந்த ஊரானாலும் சரி. நாலு நாள் சமைக்காமல் இருந்தால் போதும். அவர் கை தூக்கினார், நானும் தூக்கினேன்" என்றார்.

கடைசியாகப் பாட்டி மெல்லிய குரலில் சொன்னார். "கங்கையில் ஒரு முழுக்குப் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. ஹூக்ளியும் கங்கைதானே? காசி வரைக்கும் போக என் முழங்கால் தாங்குமோ என்னவோ..."

வீடு அமைதியாகிவிட்டது. இத்தனை வருடமாக யாருமே பாட்டியிடம் கேட்டதில்லை. எலிபெண்டாவில் சுமார் 120 படிகள் ஏறவேண்டும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் பெரியவனான பிறகுகூட மும்பை போவேன். இந்த முறை கொல்கத்தாவே போகலாம்ப்பா" என்றான். தங்கும் செலவைச் சமாளிக்க, ஏ.சி. பெட்டிக்குப் பதில் ஸ்லீப்பர், ஆறு நாளுக்குப் பதில் நாலு நாள் என்று அப்பா கணக்குப் போட்டார். முதல் நாள் எங்கே போவது என்று முடிவு செய்யும் உரிமையைத் தங்கை அண்ணனுக்கே கொடுத்துவிட்டாள். அவன் எதைத் தேர்ந்தெடுத்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோதான்!

குட்டீஸ், ஓட்டுப் போடுவது நல்ல வழிதான். ஆனால், அதற்கு முன்னால், 'எங்கே?' என்று மட்டும் கேட்காமல், 'ஏன்?' என்றும் கேளுங்கள். வீட்டில் குறைவாகப் பேசுகிறவரிடம் முதலில் கேளுங்கள். அம்மா, 'எனக்கு எதுவானாலும் சரி' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். யாருடைய ஊர் தோற்றதோ, அவர் விரும்பும் இடத்துக்கு முதல் நாளே போங்கள்.

இன்னொன்று. செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ரயிலில் 5 முதல் 11 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட் போதும். 60 நாளைக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். கணக்குப் பார்த்த பிறகு, 'இந்த வருஷம் முடியாதுப்பா' என்று அவர்கள் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் தெரியுமா?

லீவு முடிந்து பள்ளி திறந்ததும், 'நீ எந்த ஊருக்குப் போனே?' என்று எல்லாரும் கேட்டுக்கொள்வீர்கள். எங்கேயும் போகாத நண்பர்களும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களிடம், 'லீவில் என்ன செய்தே?' என்று கேட்டுப் பாருங்கள். அவர்களிடமும் சொல்வதற்கு நிறைய கதைகள் இருக்கும்.

என்ன குட்டீஸ், இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பாட்டியிடம் கேட்பீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்