நம்மூர் மலையை நாம் கண்டோமா?

முதுகில் பெரிய பையும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாகத் திருச்சி இரயில் நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணிகளை நாம் பார்த்திருக்கிறோம். "இந்த வெயிலில் இவர்களுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று நமக்குள் சிரித்தும் இருக்கிறோம்.

இத்தகைய பயணிகள் கம்போடியாவில் 12ஆம் நூற்றாண்டின் அங்கோர் வாட் ஆலயத்தைக் கண்டபின், நெரிசல் மிக்க பாங்காக் மாநகருக்குச் செல்வதுண்டு. நம் பகுதிக்கு வந்தால், 156 ஏக்கர் பரப்பில் 21 கோபுரங்களோடு விளங்கும் திருவரங்கத்தைக் கண்டுவிட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இரயிலேறுகிறார்கள். வழியில் திருவெறும்பூர் வருகிறது. பெரும்பாலோர் இறங்குவதில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு ஏது உரிமை? அன்றாடம் அந்தக் குன்றைப் பார்த்தபடி பள்ளிக்கு வரும் நம்மில் எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறோம்?

குன்றின்மேல் இருப்பது முற்காலச் சோழர் காலக் கற்றளி. அதன் சுவர்களில் கல்வெட்டுகள் உள்ளன. அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவில் வந்து வழிபட்டார்கள் என்றும், அவர்கள் ஏற முடியாமல் வழுக்கியபோது இறைவன் புற்றாக மாறிச் சற்றே சாய்ந்து கொடுத்தார் என்றும் தலபுராணம் கூறுகிறது. சிற்றெறும்புக்காகச் சாய்ந்த பெருமையைச் சொல்லும் கதை எச்சமயத்தவரின் நெஞ்சையும் தொடும் அல்லவா?

"நாம் கிறிஸ்தவர்கள், கோயிலில் நமக்கென்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குச் செல்லும் விருந்தினரைப்போல், செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, அவ்விடத்து முறைகளை மதித்துச் சென்றால் நம் விசுவாசம் குறைந்துவிடாது. நம்முடன் படிக்கும் இந்துத் தோழியர் நம் சிற்றாலயத்துக்குள் அப்படித்தானே வருகிறார்கள்?

"பெண் பிள்ளைகளுக்கு ஊர்சுற்றல் எதற்கு?" என்பது பெற்றோரின் கேள்வி. அவர்கள் அஞ்சுவது நம்மேல் உள்ள அன்பினால்தான். ஆயினும், ஆகஸ்டு மாத இறுதியில் மூட்டையைத் தோளில் சுமந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கூட்டத்தில் நம் அன்னையரும் பாட்டிமாரும் இல்லையா? சுமையோடு நடப்பது நமக்குப் புதிதன்று. இன்று துணையோடு செல்லப் பழகும் பெண்ணே, நாளை கல்லூரிக்கும் வேலைக்கும் துணிந்து தனியே செல்வாள்.

கல்விச் சுற்றுலா என்று ஒரே நாளில் நான்கு ஊர்களுக்கு ஓடுகிறோம். பேருந்தில் பாடிய பாட்டும் எடுத்த புகைப்படமும் தவிர வேறென்ன நினைவில் நிற்கிறது? ஆண்டுக்கு ஒரு மாலை போதும். வரலாற்று ஆசிரியையின் துணையோடு, கையில் ஒரு குறிப்பேட்டுடன் இந்தக் குன்றில் மெதுவாக ஏறுவோம். ஒரு தூணையாவது நின்று பார்ப்போம். அருட்சகோதரிகள் இதற்கு இசைவு தர வேண்டுகிறோம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பின் பெயர் கொண்ட ஊரில் வாழும் நாம், முதல் படியில் கால் வைப்போமாக. அதன்பின் தஞ்சையும் அங்கோரும் நமக்குத் தொலைவல்ல!