வருமானம்: இல்லை

இந்த வாரம் வேகத்தைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு விபத்து அறிக்கையை மேஜையில் எடுத்து வைத்திருந்தேன். நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிர்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம்: 64,105. பத்தில் ஏழு விபத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அறிக்கை.  

ஆனால் செவ்வாய்க்கிழமை எங்கள் தெருக்காரர் ஒருவர் ஃபைலோடு வந்தார். காலையில் பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்த அவர் மனைவி கார் மோதி இறந்துபோனார். 42 வயது. கார் ஓட்டியவர் மீதுதான் தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, குற்றப்பத்திரிகை இருக்கிறது, காருக்கு இன்சூரன்ஸும் இருக்கிறது. ஆனால் சமரசப் பேச்சுக்கு வந்த இன்சூரன்ஸ் ஆள், "அவங்க வீட்டுலதானே சார் இருந்தாங்க, வருமானம்னு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி ஒரு சின்னத் தொகையை நீட்டியிருக்கிறார். "கையெழுத்துப் போட்டுரலாமாண்ணே?" என்று இவர் என்னிடம் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே பதில் சொல்கிறது. கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் பறித்தவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. நஷ்டஈடு தனி வழக்கு. அதில் டிரைவரின் தவறுக்கு வண்டியின் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். அவருக்காக இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கட்டும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் சொந்தக்காரர் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்த பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சண்டை ஆரம்பிப்பது இதற்கெல்லாம் பிறகு, நஷ்டஈட்டு மனுவில் மாத வருமானம் என்ற கட்டத்தில்.

அந்தக் கட்டத்தில் எழுதும் எண்ணை வைத்துத்தான் மொத்தக் கணக்கும். 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, 42 வயதில் இறந்தவருக்கு ஆண்டு வருமானத்தை 14-ஆல் பெருக்குவார்கள். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைத்து எழுதினால், கழிவுகளுக்கு முன்பே 1,68,000 ரூபாய் போய்விடும். 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த அட்டவணையோ, சம்பாதிக்காதவருக்கு ஆண்டுக்கே 15,000 ரூபாய்தான் என்றது. மனைவி என்றால் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளையைப் படிக்க வைத்த ஒருத்தியின் உழைப்புக்கு நாடாளுமன்றம் போட்ட மதிப்பு இது.

இதை எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் ஒருவர் நம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பிரபா ஸ்ரீதேவன். தாயை விபத்தில் இழந்த ஒரு குழந்தைக்காக வந்த வழக்கில், 2009-ல் அவர் எழுதிய தீர்ப்பைக் கிடைத்தால் படியுங்கள். இல்லத்தரசியின் உழைப்பை எப்படி அளப்பது? வெளி வேலைக்குப் போயிருந்தால் அவர் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்க்கலாம். கல்யாணத்தைச் சம கூட்டாகக் கொண்டு கணவர் சம்பளத்தில் பாதியை அவர் பங்காக எடுக்கலாம். அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கூட்டலாம். மூன்று வழிகளையும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை எடுத்தாண்டது. அந்த 2010 வழக்கில், இறந்த பெண்ணுக்குச் சம்பளம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் தானே போட்ட கணக்கைப் பாதிக்கும் கீழே வெட்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 6 லட்சமாக உயர்த்தியது.

பிரபா ஸ்ரீதேவன் எழுத்தாளர் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும்கூட. எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை. சூடாமணியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். 1931-ல் பிறந்து, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து, 2010-ல் மறைந்தவர். அவர் கதைகளில் பெரிய சம்பவங்கள் குறைவு. ஒரு கூடம், ஒரு சமையலறை, அதில் எல்லாருக்கும் செய்துவிட்டுத் தனக்கென்று ஒரு மனசு வைத்திருக்கும் பெண். அந்த மனசை அவர் பரிதாபப்பட்டுப் பார்ப்பதில்லை, மரியாதையோடு பார்ப்பார். வீட்டிலிருக்கும் பெண் எத்தனை பேரின் வாழ்க்கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் என்று அவரை வாசித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் வக்கீல்களும் தீர்ப்பாய நீதிபதிகளும் அவரை வாசிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2021-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. வீட்டு வேலையே தங்கள் முதன்மைத் தொழில் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் ஏறக்குறைய 16 கோடி. ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு. இதை எடுத்துச் சொன்ன நீதிபதி ரமணா, இல்லத்தரசிக்கும் எதிர்கால வருமான உயர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். இல்லத்தரசியின் வருமானம் தினக்கூலித் தொழிலாளியின் வருமானத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 2024-ல் அதே நீதிமன்றம் சொன்னது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், பேச்சுவார்த்தை மேஜையில் பழைய எண்தான் நீட்டப்படுகிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் அதற்குக் கையெழுத்தும் போட்டுவிடுகிறது.

தெருக்காரரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். காலையிலிருந்து இரவு வரை அந்த அம்மா என்னென்ன செய்தார், யார் யாரைப் பார்த்துக்கொண்டார், தையல் தைத்தாரா, மாடு வைத்திருந்தாரா, எல்லாவற்றையும் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். வருமானம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று மட்டும் எழுத விடாதீர்கள்.