சேலையை மட்டும் விட்டுவைத்தார்கள்

விழுப்புரத்தில் ஒரு விழா. கல்யாண மண்டப மேடையில் தெருக்கூத்து. திண்டிவனம் பக்கமிருந்து வந்த ஜமா ஆடப்போவது 'சூது துகில்'. பெயரிலேயே இரண்டு பாதி. தருமன் சூதில் தோற்பது ஒன்று. திரௌபதியைச் சபைக்கு இழுத்துவருவது இன்னொன்று. அம்மன் கோயில் திடலில் ராத்திரி தொடங்கினால் விடியும்போதுதான் முடியும். விழாக்காரர் சொல்லிவிட்டார்: "வாத்தியாரே, நாப்பது நிமிஷம்தான். அதுக்கு மேல ஜனம் உக்காராது."

சுருக்கவே கூடாது என்று கூப்பாடு போடுகிற கட்சி இல்லை நான். பாதிக் கூத்தைத் தூங்கியே பார்த்தவன். மழை வந்தால் வாத்தியாரே பாட்டைக் குறைப்பார். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000லேயே விதி வந்தாயிற்று. பீட்டர் புரூக் 1985ல் ஒன்பது மணி நேரம் போட்ட மகாபாரத நாடகத்தை, 1989ல் சினிமாவாக்கியபோது அவரே சுமார் மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கினார். ஆனால் கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. இங்கே அது மைக் பிடித்தவர் கையில்.

முதலில் போனவன் கட்டியக்காரன். ராஜாவையும் ஊர்ப் பெரிய மனுஷனையும் ஒரே மூச்சில் கிண்டலடிக்கிற ஆள் அவன்தான். முன்வரிசையில் அரசியல்வாதிகள் உட்கார்ந்திருந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வருகிற அழகு போனது. சூது மொத்தமும் போனது. அதோடு, தன்னையே தோற்றவன் என்னை எப்படிப் பணயம் வைக்கலாம் என்று திரௌபதி சபையில் கேட்கிற கேள்வியும் போயே போச்சு. பாரதத்தில் பீஷ்மருக்கே பதில் தெரியாத கேள்வி, சார் அது!

மிச்சம் என்ன? சேலையை உருவுகிற காட்சி. கேள்வியை எடுத்துவிட்டால் அது வெறும் வேடிக்கைதானே? துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு கேட்கிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. அதற்கும் நேரமில்லை. முன்வரிசையில் செல்போனில் படம் பிடித்தார்கள்.

பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் மட்டும் ஒன்றேகால் மணி நேரம். அதில் ஒரு நிமிஷம் குறைக்கவில்லை.

முடிந்ததும் வாத்தியாரிடம் கேட்டேன். முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு மணி நேரம் குடுத்திருந்தா சூதையும் சேத்து கச்சிதமா முடிச்சிருப்பேங்க. எதை வெட்டலாம்னு என்னை யாரு கேட்டாங்க?"