கூடத்திலிருந்து காவல் நிலையத்துக்கு

எங்களுக்கு முதல்முதலாத் தொடர்நாடகம் பார்க்கக் கிடைத்தது ரோட்டுக்கு அக்கட்டால நின்னுதான். 1989. வெண்ணந்தூருக்குப் பக்கத்துல ஒரு கிராமம். பஞ்சாயத்து டிவிப் பெட்டி ஊருக்குள்ள இருந்தது. ஞாயித்துக்கெழமை காலைல மகாபாரதம். ஊர்ப் பிள்ளைங்க திண்ணையில. வளவுப் பிள்ளைங்க நாங்க சாக்கடையைத் தாண்டி ரோட்டுல. கிட்டப் போனா "அங்கயே நில்லுங்கடா"ன்னு ஒரு அதட்டல் வரும். எங்க காதுக்குத் தெளிவாக் கேட்ட வசனம் அது ஒண்ணுதான். பெட்டியிலிருந்து வந்தது கேட்காது. கேட்டாலும் இந்தி.

இதை அழுது காட்டுவதற்காகச் சொல்லவில்லை தோழர்களே. தொடர்களைப் பற்றி எழுதுகிற அறிவாளிகள் கதாசிரியனின் மூளையைக் குடைகிறார்கள், இயக்குநரின் பார்வையைச் சிலாகிக்கிறார்கள். ஒரு தொடர் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு நாம் கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்? யார் காசு கொடுக்கிறார்கள்?

1993இல் சன் டிவி வந்தது. பெட்டி தெருவிலிருந்து வீட்டுக் கூடத்துக்குப் போனது. கதையும் கூடத்துக்குப் போனது. தயாரிப்பாளர்கள் அலைவரிசையிடம் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கினார்கள். அதற்குள் சோப்புக்கும் நகைக்கும் பட்டுப்புடவைக்கும் விளம்பரம் விற்றார்கள். புடவை விற்க வேண்டுமானால் கல்யாணம் வேண்டும். கல்யாணம் நின்றுபோக வேண்டும், மறுபடி நிச்சயமாக வேண்டும். 'சித்தி' (1999–2001), 'மெட்டி ஒலி' (2002–2005), 1,500 அத்தியாயங்களைத் தாண்டி ஓடிய 'கோலங்கள்' (2003–2009). சொன்னதையே மூணு தடவை சொல்வார்கள், அதிர்ச்சிக்கு ஒரு இசை போடுவார்கள். அதுக்கும் காரணம் உண்டு. அடுப்படியில் நிற்கிறவளும், தறிச் சத்தத்துக்கு நடுவில் தார் சுத்துகிறவளும் காதாலேயே கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொடர்களில் சாதியே இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். அகமணத்தில்தான் சாதியின் உயிர் இருக்கிறது என்று 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுதி வாசித்தார் அண்ணல் அம்பேத்கர். சம்பந்தம் பேசுவது, ஜாதகம் பார்ப்பது, மாமியார் மெச்சுவது, குடும்ப கௌரவம் என்று தினமும் அரைமணி நேரம் அகமணத்துக்குப் பாடம் நடத்திவிட்டு, சாதியின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுவது சாதி இல்லாமை ஆகுமா? காத்துக்குப் பெயர் சொல்லியா மூச்சு விடுகிறோம்?

ஒன்றை மறுக்கக் கூடாது. 2006இல் தொடங்கிய அரசு இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் பெட்டி போனது. எங்க வளவுக்கும் வந்தது. அடுத்தவன் திண்ணையை எட்டிப் பார்க்கிற அவமானம் அன்றோடு ஒழிந்தது. ஆனால் நம்ம வீட்டுக்குள் பெட்டி வந்ததே தவிர, பெட்டிக்குள் நம்ம வீடு வரவில்லை.

இப்போது ஓடிடி. கையிலேயே பெட்டி. எல்லா அத்தியாயத்தையும் ஒரே ராத்திரியில் பார்க்கலாம். 'டிஆர்பி தொல்லை இல்லை, இனி சுதந்திரமாகக் கதை சொல்லலாம்' என்று படித்த கூட்டம் கொண்டாடியது. சரி, அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்தார்கள்? 2022ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பேர் வாங்கிய மூன்று தமிழ்த் தொடர்கள்: 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி'. மூன்றிலும் நாயகன் யார்? எஸ்.ஐ.! மூன்றிலும் சப்-இன்ஸ்பெக்டர்! கூடத்தை விட்டு வெளியே வந்த கதை நேராக ஓடிப்போய்க் காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஏன்? காசு கொடுப்பவன் மாறிவிட்டான். 'சுழல்' ஒரே நாளில் 30க்கும் மேற்பட்ட மொழிகளில் போனது. காணாமல்போன பெண்ணும் ஒரு பிணமும் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும். வளவு ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்பதை அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். விளக்கினால் விரல் அடுத்த படத்துக்குத் தாவிவிடும் என்று பயம். ஆகவே மயானக் கொள்ளைத் திருவிழாவைக் காட்டலாம், வண்ணமாக இருக்கும். மயானத்தில் தலைமுறை தலைமுறையாக நிற்க வைக்கப்பட்டவனை மையமாக வைத்துக் கதை சொல்ல முடியாது. 1992இல் வாச்சாத்தியையும் 1999இல் தாமிரபரணியையும் 2011இல் பரமக்குடியையும் பார்த்த சனங்களிடம், போலீஸ் ஜீப்பில் ஏறிவந்து ஊரைப் பார் என்கிறார்கள்! 'அயலி' (2023) காவல் நிலையத்துக்குள் போகாமல், பள்ளிக்கூடத்துக்காகப் போராடுகிற சிறுமியோடு நின்றது. அதற்கு நன்றி சொல்வோம். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

இந்தியில் 'தஹாட்' (2023) வந்தது. நாயகி தலித் பெண். அப்பன் மாற்றிவைத்த குடும்பப் பெயரைத் தூக்கி எறிந்து தன் பழைய பெயரையே கடைசியில் எடுத்துக்கொள்கிறாள். நல்ல காட்சி. ஆனால் அவளும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே வர முடிந்தது. காக்கி போட்ட தலித் பெண்ணின் கதை எங்க பக்கத்திலும் நடந்தது. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு ஒரு பெண்ணோடு போன கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அந்த வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பரில் தன் குடியிருப்பில் இறந்துகிடந்தார். சாட்சி பிறழ்ந்தது. வழக்கு மதுரைக்கு மாறியது. கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு பேசியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றம் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, இருவருக்கு ஐந்து வருஷமாகக் குறைத்தது. ஏழு வருஷம் ஒரு தாய் நீதிமன்றப் படி ஏறினாள். இதில் இல்லாத திருப்பமா உங்கள் எழுத்தாளர் அறையில் இருக்கிறது?

கவனியுங்கள். தலைமறைவாக இருந்த கொலைகாரன் அப்போது என்ன செய்தான்? வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகத் தன் பேச்சை விட்டுக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் பேட்டியும் வந்தது. சனங்க அடுத்தது எப்ப வரும்னு காத்திருந்தாங்க. செல்போனில் தொடர் ஓட்டுவது எப்படி என்று நமக்கு முன்னாடி சாதி வெறியனுக்குப் புரிந்துவிட்டது. நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

ஓடிடி முதலாளிக்கும் முதுகெலும்பு கிடையாது. 2021 ஜனவரியில் 'தாண்டவ்' மேல் வழக்குகள் பாய்ந்ததும் காட்சிகளை வெட்டினார்கள். அடுத்த மாதமே ஒன்றிய அரசின் புதிய விதிகள் வந்தன. புண்படுகிற மனசுக்கு எப்போதும் மேல்சாதி முகவரிதான்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. அம்பேத்கர் வாழ்க்கையைச் சொன்ன இந்தித் தொடரை 2020இல் 'மகாநாயக' என்று கன்னடத்தில் குரல் மாற்றி ஒளிபரப்பினார்கள். அலைவரிசைப் பொறுப்பாளருக்கு மிரட்டல் வந்தது. அவரே வெளியே சொன்னார். கர்நாடகத்துத் தலித் இளைஞர்கள் ஊர் ஊராக அந்தத் தொடருக்கு பேனர் கட்டினார்கள். மிரட்டலுக்குத் தெருவில் பதில் கிடைத்தது. பார்க்கிறவன் கூட்டமாக நின்றால் தொடரும் நிற்கும்.

நம்ம தோழர்கள் என்ன செய்கிறார்கள்? கூட்டத்துக்குப் பொம்பளைங்க வரலைன்னா "சீரியல் பைத்தியங்க"ன்னு கேலி. எட்டு மணிக்குக் கூட்டம் போட்டது யார் தப்பு? போன வருஷம் தறிக் கொட்டாயில் பத்தாவது படிக்கிற ஒரு புள்ள செல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டுக் கேட்டுச்சு: "இத்தன இருக்குதுங்களேண்ணா, நம்மூட்டு மாதிரி ஒரு ஊடு எதுலயாச்சும் வருதுங்களா?" எனக்குப் பதில் இல்லை. ரோட்டில் நின்ற நாங்கள் ஒரு கூட்டமாகவாவது நின்றோம். இந்தப் புள்ள தனியாப் பார்க்குது.

மன்றத்தில் ஒரு பெட்டி வையுங்கள். தறி நின்ற பிறகு அக்கா, ஆயா, புள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டு ஒரு தொடரைச் சேர்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: இந்த ஊரில் வளவு எங்கே? நிறுத்துகிற பொத்தான் இப்போது நம்ம கையில் இருக்கிறது. கேட்கத் தொடங்கிய புள்ளைங்க நாளைக்கு எழுதும். அது எழுதும் தொடரில் கேமரா சாக்கடைக்கு அக்கட்டால, நம்ம பக்கம் நிற்கும்.