பெயர் ஒன்று, வேர்கள் பல

கிழக்கு யார்க்‌ஷயருக்குரிய ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப்பெயர், 'மண்ணின் மைந்தர்' என்னும் சொல்லின் பொருளையே கேள்விக்குள்ளாக்கியது. அப்பெயர் கொண்ட ஒருவரின் ஒய் குரோமோசோமை லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களான துரி கிங், மார்க் ஜோப்லிங் முதலியோர் ஆராய்ந்தனர். ஆப்பிரிக்காவுக்கே உரியதெனக் கருதப்பட்ட ஏ1 மரபுக்குழு அவரிடம் காணப்பட்டது. அதே பெயருடைய வேறு 18 ஆண்களுள் 7 பேரிடமும் அது இருந்தது. ஆய்வு 2007இல் வெளியாயிற்று.

இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் ஒய் குரோமோசோமும் பொதுவாகத் தந்தைவழியே மகனை அடைகின்றன. எனவே அரிய பெயரினர் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் என்னும் கருத்து எளிதில் வேரூன்றுகிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. 40 குடும்பப்பெயர்களை ஆராய்ந்து 2009இல் இவ்விருவரும் வெளியிட்ட கட்டுரை, பெயர் அரிதாக அரிதாகப் பொது மரபு மிகுவதைக் காட்டியது. 'ஸ்மித்' போன்ற பெருவழக்குப் பெயரில் அத்தகைய பிணைப்பு இல்லை.

ஆயினும் யார்க்‌ஷயர்ப் பெயரில் எஞ்சிய 11 பேர் வேறு மரபினர். தத்தெடுப்பு, தாயின் பெயரைப் பெறுதல், திருமண உறவுக்கு வெளியே பிறத்தல், ஒரே பெயரைப் பலர் தனித்தனியே சூடுதல் எனக் காரணங்கள் பலவாகலாம். அந்த 11 பேரைப் 'போலி'கள் என்பதும், 7 பேரை 'அயலார்' என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

ஏ1 மரபினரை ஆவணங்கள் இரு குடிவழிகளில் சேர்க்கின்றன; இரண்டும் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செல்கின்றன. அவற்றுக்குச் சில தலைமுறைகள் முன்னர் அவ்விரண்டும் ஒன்றாயிருந்தன என்பதற்கு மரபணு இடமளிக்கிறது. அந்த ஆப்பிரிக்க மூதாதை எப்போது வந்தார்? 3ஆம் நூற்றாண்டில் ஹேட்ரியன் சுவரைக் காத்த உரோமப் படையில் மூர் வீரர்கள் இருந்தனர். பிற்காலத்தில் அடிமை வணிகமும் ஆப்பிரிக்கரைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது. மரபணு மட்டும் இதற்கு விடை தராது.

பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த ஒன்றைக் கொண்டு ஒருவரின் தாயகத்தையோ இனத்தையோ தீர்மானிப்பது ஆய்வு ஆகாது. குடும்பப்பெயர் குருதியின் சான்றிதழ் அன்று. மனிதர் ஒருவரையொருவர் தம்மவராக ஏற்றுக்கொண்டதன் பதிவு. ஆய்வகமும் திருச்சபைப் பதிவேடும் அருகருகே வாசிக்கப்படும்போதே அப்பதிவு முழுமையாகப் பேசும்.