பேர் போன கதை

இந்த வாரச் சொல் ‘இக்னமினி’. ஆங்கில நாளிதழ்களில், குறிப்பாக விளையாட்டுப் பக்கங்களில் தட்டுப்படும், பேச்சில் அபூர்வம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ‘இக்நோமினி’ என்று நடுவில் நீட்டுவார்கள். அழுத்தம் முதல் அசையில்தான்.

லத்தீனில் ‘நோமென்’ என்றால் பெயர். அதற்கு முன் ஒரு மறுப்பைச் சேர்த்தால் ‘இக்னோமினியா’. பண்டைய ரோமில் குடிமக்கள் பதிவேட்டைப் பார்த்துக்கொண்ட அதிகாரி சென்சார். நடத்தை கெட்டவரின் பெயருக்கு எதிரே அவர் குறி போடுவார். செனட் உறுப்பினரின் பதவியே அதனால் போனதுண்டு. அந்த இழிவுக்குத்தான் இக்னோமினியா என்று பெயர். நம்முடைய ‘அவப்பெயர்’ நினைவுக்கு வருகிறதா? ‘குடும்பத்துப் பேரே போச்சு’ என்று நாமும் பெயரைச் சொல்லித்தானே அழுகிறோம். (‘பேர்போன’ என்றால் மட்டும் புகழ்பெற்ற என்று அர்த்தம். தமிழ் வேடிக்கையானது!)

அகராதி ‘அவமானம்’ என்று முடித்துவிடும். எனக்கு அது போதவில்லை. யாருக்கும் தெரியாமல் மனத்துக்குள் குறுகுவது ‘ஷேம்’. இக்னமினிக்குப் பார்க்கும் கண்கள் வேண்டும்.

1942 பிப்ரவரி 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் போதாது, தளபதியே நேரில் வரவேண்டும் என்றது ஜப்பானியத் தரப்பு. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்கு ஜெனரல் பெர்சிவல் நடந்தார். பக்கத்தில் ஒருவர் கையில் பிரிட்டிஷ் கொடி, இன்னொருவர் கையில் வெள்ளைக் கொடி. கேமராக்கள் படம்பிடித்தன. சிங்கப்பூரை இழந்தது ‘டிஃபீட்’. அந்த நடை, இக்னமினி.

நண்பர் ஒருவரின் அறிக்கை இரண்டு நாள் தாமதம். மேலாளர் அதை ‘இக்னமினியஸ்’ என்று மின்னஞ்சலில் கண்டித்து, பிரிவிலுள்ள அத்தனை பேருக்கும் நகல் அனுப்பினார். சொல் தவறு, தாமதம் தாமதம்தான். ஆனால் அந்த நகல்கள் போய்ச் சேர்ந்ததும் நண்பருக்கு நேர்ந்ததற்கு அதைவிடச் சரியான சொல் இல்லை. ஒரு வாரம் அவர் பேன்ட்ரி பக்கமே போகவில்லை. பிள்ளையின் மதிப்பெண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் திட்டும் பெற்றோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

‘சஃபர் தி இக்னமினி ஆஃப்’ என்பது வழக்கமான தொடர். ‘இக்னமினியஸ்’ என்னும்போது அழுத்தம் ‘மி’க்கு மாறும்.

‘இன்ஃபமி’ வேறு. அது கொடுஞ்செயலால் நிலைத்துவிட்ட கெட்ட பெயர். ‘இன்ஃபமஸ்’ என்றால் மிகப் பிரபலம் என்று நினைத்து, பிடித்த நாசி லெமாக் கடையை அப்படிப் பாராட்டிவிடாதீர்கள். கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் அடுத்த முறை சம்பல் கிடைக்காது.