வானியல் பாடம் திடலில் நடக்கட்டும்



கோள்களின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும், பெயர்களை ஒப்புவிப்பதும் வானத்தை அறிவதும் ஒன்றல்ல. 2006ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையினின்று நீக்கிக் குறுங்கோள் என வகுத்தது. ஒன்பது என்று மனனம் செய்தவர்கள் எட்டு என்று திருத்திக்கொள்ள நேர்ந்தது. பட்டியல் மாறும், உற்றுநோக்கும் பழக்கமோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். ஆகவே, வானியல் பாடம் வகுப்பறையினின்று பள்ளித் திடலுக்கு வரவேண்டும் என்பதே நமது கருத்து.

இதற்குப் பெருஞ்செலவு ஆகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. ஒரு காற்பந்தைத் திடலின் ஓரத்தில் வைத்து, அதனைக் கதிரவன் என்று கொள்வோம். அவ்வளவில் நம் பூமி ஒரு கடுகு. அது பந்தினின்று ஏறத்தாழ 24 மீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். வியாழனுக்கு ஒரு ரப்பர்க் கொட்டை போதும். அதன் இடம் 123 மீட்டர் தொலைவில். நெப்டியூனோ 710 மீட்டர் தள்ளிப் பள்ளி வேலியையும் கடந்து நிற்கும். நூலின் ஒரே பக்கத்தில் கோள்கள் நெருங்கி நிற்கக் கண்ட சிறுவன், இவ்வாறு நடந்து பார்த்தபின் விண்வெளியின் பரப்பைத் தன் கால்களாலேயே உணர்வான்.

இன்னொன்றும் உண்டு. காம்பார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4 பாகையில் உள்ளது. ஆதலால் மார்ச் மாத இறுதியை ஒட்டியும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் கதிரவன் நம் தலைக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்நாள்களில் பகல் ஒன்றேகால் மணியளவில், திடலில் நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். பன்னிரண்டு மணிக்கு ஏன் அவ்வாறு ஒடுங்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அன்றைய பாடம் வெற்றி பெற்றது எனலாம். 1982ஆம் ஆண்டு முதல் நம் கடிகாரங்கள், நமக்கு வெகுகிழக்கேயுள்ள 120 பாகை நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுவதே அதற்குக் காரணம்.

“இது தேர்வில் வருமா?” என்று வினவும் பெற்றோரும் உளர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அத்தேர்வுப் பயிற்சிக்குச் செலவான காலத்தில் ஒரு பகுதியையேனும் இத்தகைய கல்விக்கு அளித்தல் தகும்.

விண்வெளி நம் பிள்ளைகளுக்கு எட்டாக்கனி அன்று. மலேசியாவின் முதல் விண்வெளி வீரரைத் தேர்ந்தெடுக்க அழைப்பு விடுக்கப்பட்டபோது 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2007 அக்டோபர் 10ஆம் நாள் பைக்கனூர் ஏவுதளத்தினின்று விண்ணுக்குப் புறப்பட்டவர் டாக்டர் ஷேக் முஸாபர். தேர்வின் இறுதிக் கட்டத்தில் எஞ்சிய நால்வருள் ஒரே பெண்மணி, நம் சமூகத்தைச் சேர்ந்த பொறியியலாளர் வனஜா சிவா. அவர் பெயரையும் நம் மாணவிகள் அறிந்திருத்தல் வேண்டும்.

பெற்றோர்களே! வெள்ளி ஒளிரும் அந்தியிலோ விடியலிலோ உங்கள் பிள்ளையை முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். விடை தெரியாத வினாவைப் பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். அதனை ஏட்டில் எழுதிப் பள்ளிக்கு அனுப்புங்கள். மறுநாள் பாடத்தை ஆசிரியர் அவ்வினாவிலிருந்தே தொடங்கட்டும்.